மூச்சுக்கோடு

பெப்ரவரி 20, 2025, வியாழன்

பேசாலையிலிருந்து பசான் கொப்பி வந்து சேர்ந்தது. நீல மட்டை. உப்புக்காற்றில் தாளின் ஓரமெல்லாம் பொரிந்து உதிர்கிறது. தபசுகாலத்தில் வீட்டிலும் கோயிலிலும் பாடும் பாட்டுகள், வெவ்வேறு கைகளின் எழுத்தில். பெரிய வெள்ளிக்கு முன்பு புத்தகமாக வேண்டுமாம்.

கொப்பியோடு ஒரு பென்டிரைவும் வந்தது. பல வருடங்களுக்கு முன் யாரோ பாமினியில் அடித்து வைத்த கோப்பு. பாமினி தெரியாத தமிழ் அச்சகம் இலங்கையில் இருக்காது. அதில் அடித்த 'அம்மா' திரையில் அம்மாவாகத்தான் தெரியும். ஆனால் கோப்புக்குள் கிடப்பவை ஆங்கில எழுத்துகள். மெய்யின் புள்ளிக்குப் பதிலாக ஓர் அரைப்புள்ளி. எழுத்துருவைக் கழற்றினால் தமிழே இல்லை. மாற்றியில் போட்டு யூனிகோடுக்குக் கொண்டுவந்தேன். சொற்கள் பிழையில்லாமல் வந்தன.

குறிகள் வரவில்லை. கொப்பியில் வரிகளுக்கு மேலேயும் நடுவேயும் பென்சிலால் போட்ட குறிகள் நிறைய. நெட்டையாக ஒரு கோடு. சில எழுத்துகளின் தலையில் வளைவு. சிலவற்றின் அடியில் சின்னக் கொக்கி. வரியோரத்தில் '2'. ஒவ்வொரு பாட்டின் தலையிலும் 'இராகம்' என்று எழுதி, பக்கத்தில் வேறொரு பாட்டின் முதற்சொல். முன்பு அடித்தவர் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டிருக்கிறார். பாட்டைப் புத்தகமாக்கும் எல்லோரும் செய்வதுதான் அது.

ஆனால் கொப்பி வைத்திருந்தவர்களுக்குச் சொற்கள் மனப்பாடம். மனதில் நிற்காமல் போய்விடும் என்று அஞ்சியதைத்தான் அவர்கள் பென்சிலால் எழுதியிருக்கிறார்கள். குறிகளை விட்டுவிட்டு அச்சிட்டால் இந்தக் கொப்பியை அச்சிட்டதாக ஆகாது.

பெப்ரவரி 22, சனி

இந்தக் குறிகளை என்ன செய்வதென்று பேசாலைப் பாதரிடம் தொலைபேசியில் கேட்டேன். "எபிரேய வேதாகமத்திலயும் இப்பிடிக் குறியள் இருக்கு பிள்ளை, ஆயிரம் வருசத்துக்கு மேலாக. அதை எப்பிடிக் கொம்பியூட்டருக்குள்ள கொண்டுவந்தவை எண்டு முதல்ல பாருங்கோ" என்றார். இரண்டு நாளாக அதையே வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

பழைய எபிரேய எழுத்து பெரும்பாலும் மெய்களை மட்டும் எழுதும். உயிர்களைக் காட்டும் புள்ளிகளும் ஓதுவதற்கான குறிகளும் பிற்பாடு சேர்ந்தவை. கலிலேயக் கடலோரத்துத் திபேரியா நகரில் மசோரெத்துகள் எனப்பட்ட அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்து அவற்றை ஒழுங்குபடுத்தினார்கள். அந்த மரபின் பெரிய பெயர் ஆரோன் பென் ஆஷேர். 930ஆம் ஆண்டளவில் அவர் குறியிட்டது அலெப்போ சுவடி. 1947 கலவரத்தில் அது சேதப்பட்டு, ஐந்நூல்களின் பெரும்பகுதி காணாமல் போயிற்று. முழுமையாக எஞ்சியவற்றில் மிகப் பழையது 1008 அல்லது 1009இல் எழுதி முடித்த லெனின்கிராட் சுவடி. புனித பீற்றர்ஸ்பர்க்கில் இருக்கிறது. இன்று கணினியில் புழங்கும் எபிரேயப் பிரதிகள் பலவற்றுக்கும் அதுவே மூலம்.

இந்தக் குறிகளைத் தெயாமீம் என்கிறார்கள். அநேகமாக ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு குறி உண்டு. அது ஒரே நேரத்தில் மூன்று வேலை செய்கிறது: சொல்லில் அழுத்தம் விழும் அசையைக் காட்டுகிறது, சொல் அடுத்ததோடு ஒட்டுமா பிரியுமா என்று சொல்கிறது, எந்தச் சுரக்கோவையில் பாடுவது என்றும் சொல்கிறது. எத்னாஹ்தா என்ற குறி வசனத்தை நடுவில் பிரிக்கும். சில்லூக் முடித்துவைக்கும். ஷால்ஷெலெத் என்று நெளிந்து மேலேறும் ஒரு குறி. ஐந்நூல்கள் முழுவதிலும் நாலே இடத்தில்தான் வருகிறது. சோதோமை விட்டுப் போக லோத்து தயங்கிய இடம் ஒன்று, எசமானின் மனைவிக்கு யோசேப்பு மறுத்த இடம் ஒன்று. குரல் அங்கே நீண்டு நடுங்கித்தான் அடுத்த சொல்லுக்குப் போகும். சங்கீதம், நீதிமொழி, யோபு மூன்றுக்கும் தனிமுறை, மீதி 21 நூல்களுக்கும் வேறுமுறை.

என்னைப் பிடித்து நிறுத்தியது எரேமியாவின் புலம்பல். அதில் உள்ளவை மற்ற நூல்களில் உள்ள அதே குறிகள்தான். ஆனால் எருசலேம் ஆலயம் அழிந்ததை நினைக்கும் ஆப் மாத ஒன்பதாம் நாளில், அந்தக் குறிகளை ஒப்பாரி போன்ற தனி மெட்டில் பாடுகிறார்கள். யெமனில் இருந்தவர்கள் ஒரு மாதிரி, போலந்தில் இருந்தவர்கள் வேறு மாதிரி, கொச்சியில் இருந்தவர்கள் இன்னொரு மாதிரி. ஏடு எல்லோருக்கும் ஒன்று. எங்கே நிற்பது, எங்கே தொடர்வது என்பதைக் குறி காக்கிறது. மெட்டு காதிலும் தொண்டையிலும் இருக்கிறது.

பழைய லத்தீன் வழிபாட்டிலும் பெரிய கிழமையில் இதே புலம்பலைப் பாடினார்கள். ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் ஆலெஃப், பேத், கிமெல் என்று எபிரேய எழுத்தின் பெயரையும் இராகம் போட்டுப் பாடுவது வழக்கம். பொருள் இல்லாத வெறும் எழுத்துப்பெயருக்கும் ஒரு மெட்டு. நினைக்க நினைக்க அழகாக இருக்கிறது.

பெப்ரவரி 23, ஞாயிறு

கணினிக்குள் அவை வந்த கதை. 1980களில் அமெரிக்காவின் மிச்சிகனிலும் கிளேர்மண்டிலும் இருந்த ஆய்வாளர்கள் எபிரேய வேதாகமம் முழுவதையும் உள்ளிட்டார்கள். அன்றைய கணினியில் எபிரேய எழுத்துக்கு வழியில்லை. மெய்க்கு ஓர் ஆங்கில எழுத்து, உயிர்ப்புள்ளிக்கு இன்னொன்று, ஓதும் குறி ஒவ்வொன்றுக்கும் இரண்டிலக்க எண் என்று வகுத்துக்கொண்டார்கள். பாமினிக்காரர்களும் ஆங்கில எழுத்தைத்தான் கடன் வாங்கினார்கள், ஆனால் கண்ணுக்குத் தமிழ் தெரிந்தால் போதும் என்றிருந்தார்கள். அங்கே ஒரு குறியும் விடுபடக்கூடாது என்று உட்கார்ந்திருக்கிறார்கள். அதனால்தான் பிறகு யூனிகோடு வந்தபோது அந்த உழைப்பை அப்படியே மாற்ற முடிந்தது.

யூனிகோடில் ஓதும் குறிகள் 1996இல் 2.0 பதிப்போடு சேர்ந்தன. 0591 என்ற இடத்தில் எத்னாஹ்தாவில் தொடங்குகிறது வரிசை. அப்போது விடுபட்ட ஒரு குறி 2005இல்தான் வந்தது.

இனி வருவது எனக்குத் தேவையான பகுதி. வடிவத்துக்கு ஓர் இடம் கொடுப்பதா, வேலைக்கு ஓர் இடம் கொடுப்பதா? சில்லூக்கும் மெதெக்கும் எழுத்தின் அடியில் ஒரே நெட்டைக் கோடு. ஒன்று வசனத்தை முடிப்பது, மற்றது அசையைச் சற்று நிறுத்திச் சொல்லவைப்பது. இரண்டுக்கும் யூனிகோடில் ஒரே இலக்கம்தான். வசனத்தின் கடைசிச் சொல்லில் நின்றால் சில்லூக் என்று வாசிப்பவர் இடத்தை வைத்து அறிந்துகொள்ளவேண்டும். பஷ்தாவும் கத்மாவும் அதேபோல் ஒரே வடிவம். அவற்றுக்கோ தனித்தனி இலக்கம். ஒரே வரிசைக்குள் இரண்டு முடிவுகள். முதலில் ஒழுங்கீனமாகப் பட்டது. பிறகு யோசித்தால், சந்தேகம் எழுமா எழாதா என்பதை இடத்துக்கு இடம் பார்த்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

எருசலேம் என்ற பெயரில் ஒரு சிக்கல். பழைய சுவடிகளில் அந்தப் பெயரில் 'ய'கரத்தை எழுதாமல் விடுவார்கள். அதனால் லாமெத் என்ற ஒரே எழுத்தின் கீழ் பத்தாஹ், ஹிரீக் என இரண்டு உயிர்க்குறிகள் வந்து நிற்கும். முதலில் பத்தாஹ், அடுத்து ஹிரீக். யூனிகோடோ ஒவ்வொரு குறிக்கும் ஒரு வரிசை எண் கொடுத்து வைத்திருக்கிறது: ஹிரீக்குக்கு 14, பத்தாஹுக்கு 17. கோப்பை ஒரு மென்பொருள் ஒழுங்குபடுத்தும்போது சின்ன எண் முன்னால் போய்விடும். நகரத்தின் பெயர் புரண்டுவிடும். ஒருமுறை கொடுத்த எண்ணை மாற்றுவதில்லை என்பது யூனிகோடின் உறுதிமொழி, ஆகவே பிழையைத் திருத்தவும் வழியில்லை. கடைசியில் இரண்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியை, கம்பைனிங் கிராஃபீம் ஜாயினர் என்பதை, வைத்தார்கள். அது இருந்தால் வரிசை குலையாது. திரையில் எதுவுமே மாறாது. இவ்வளவு நுணுக்கமாக ஒரு பெயரைக் காத்திருக்கிறார்கள்.

பெப்ரவரி 26, புதன், சிவராத்திரி

பாலத்தைத் தாண்டித் திருக்கேதீச்சரம் போனோம். பாலாவியிலிருந்து சனம் குடத்தில் நீர் மொண்டு மகாலிங்கத்துக்கு ஊற்ற வரிசையில் நிற்கிறது. வெயிலில் நின்றபடியே தேவாரம் கேட்டேன்.

இந்தத் தலத்துக்குப் பதிகம் இரண்டு. சம்பந்தருடையது இரண்டாம் திருமுறையில், பண் நட்டராகம். சுந்தரருடையது ஏழாம் திருமுறையில், பண் நட்டபாடை. இருவரும் கடல் தாண்டாமல் இராமேசுவரத்தில் நின்றே பாடினார்கள் என்கிறது பெரியபுராணம். ஏட்டில் இசைக்கு இருப்பதெல்லாம் பதிகத்தின் தலையில் உள்ள அந்தப் பண் பெயர்தான். எபிரேயம் சொல்லுக்குச் சொல் குறி வைத்தது, நாம் பதிகத்துக்கு ஒரு சொல் வைத்தோம். மற்றதெல்லாம் ஓதுவார் வழி. நட்டராகத்தைப் பந்துவராளியாகவும் நட்டபாடையைக் கம்பீரநாட்டையாகவும் இன்று பாடுகிறார்கள்.

தில்லையில் ஏடுகளை எடுத்தபோது பண் மறைந்து போயிருந்தது என்றும், எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக்கொண்டு பண் அடைவு செய்தார்கள் என்றும் திருமுறைகண்ட புராணம் சொல்கிறது. ஏடு கிடைத்தும் பாட்டு கிடைக்கவில்லை, ஒரு பெண்ணின் தொண்டைக்குத்தான் போகவேண்டியிருந்தது. இந்தக் கதையைப் பிரதி அடிக்கும் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்கவேண்டும்.

வேதம் ஓதுபவர்களுக்குக் குறி உண்டு. சாமவேதத்தைக் கிரந்தத்தில் எழுதும்போது எழுத்தின் தலையில் சின்ன எண்களும் சின்ன எழுத்துகளும் ஏறும். 2014இல் கிரந்தம் யூனிகோடு 7.0இல் இடம்பெற்றபோது அந்தத் தலைக்குறிகளும் கூடவே வந்தன. கேட்டவர்கள் இருந்தார்கள், வந்தது. பசானுக்காக யாரும் கேட்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

ரமழான் நோன்பு தொடங்கிவிட்டது. எருக்கலம்பிட்டியிலிருந்து ஒரு மவுலவி வந்தார். மதரசாப் பிள்ளைகளுக்குச் சிறிய சூறாக்களை ஒரு தாளில் அமைத்துத் தரவேண்டும். இணையத்தில் எடுத்த அரபுப் பாடத்தை வைத்து ஒரு படி எடுத்துக் காட்டினேன். பார்த்தவுடனேயே தலையாட்டினார்.

"எழுத்து சரி தங்கச்சி. நிறுத்தக் குறிதான் வேற. இது மதீனா அச்சு. எங்கட பிள்ளையள் பழகினது இந்திய அச்சு."

கையில் இருந்த முஸ்ஹஃபைத் திறந்து காட்டினார். வரிக்கு மேலே நுண்ணிய எழுத்துகள். மீம் நின்றால் கட்டாயம் நிறுத்தவேண்டும். லா நின்றால் நிறுத்தக்கூடாது. ஜீம் என்றால் நிறுத்தலாம், தொடரலாம். 'தா'வின் சிறு வடிவம் நின்றால் அங்கே நிறுத்துவதே முறை. இந்த ஒழுங்கைப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் அறிஞர் சஜாவந்தியோடு சேர்த்துச் சொல்வார்களாம். 1924இல் கெய்ரோவில் வந்த பதிப்பும் அதன் வழியில் வந்த மதீனா அச்சும் வேறொரு தொகுதிக் குறிகளைக் கையாள்கின்றன. வேதம் ஒன்றுதான், ஓதும் குறி நாட்டுக்கு நாடு வேறு.

யூனிகோடில் தேடினேன். அரபுலகில் பெரிதும் வழங்கும் நிறுத்தக் குறிகள் தொடக்கத்திலேயே இருந்தன. சிறு 'தா' 2003இல் வந்தது. பாகிஸ்தான் பதிப்புகளின் வேறு பல குறிகள் 2016இல் 9.0 பதிப்பில். நம் பக்கத்துப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கும் குர்ஆன் முழுமையாகக் கணினிக்குள் வர அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

"ஓசை?" என்று கேட்டேன். "ஓசைக்குக் குறி கிடையாது. அது உஸ்தாதிட வாயிலயிருந்துதான் வரவேணும்" என்றார். 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது அவருடைய குடும்பம் படகில் கற்பிட்டிக்குப் போனது. புத்தளத்து முகாமில் ஓதப் பழகியவர். முஸ்ஹஃப் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஊர் உஸ்தாத் பக்கத்துக் கொட்டிலில் இருந்தது தன்னுடைய பாக்கியம் என்றார்.

தாளை இந்திய அச்சுக் குறிகளோடு அமைத்துக்கொடுத்தேன். மகிழ்ச்சியோடு போனார்.

மார்ச் 7, வெள்ளி

தபசுகாலத்து முதல் வெள்ளி. பேசாலைக்குப் போனேன். ரோட்டோரமெங்கும் கருவாடு காய்கிறது. தெற்குக் கரையில் காற்றாலைகள்.

சிலுவைப்பாதை முடிந்து, கொப்பிக்குச் சொந்தக்கார ஆச்சி தன் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துப் பாடிக் காட்டினார். கொப்பியை மடியில் வைத்துக்கொண்டாரே தவிரக் குனிந்து பார்க்கவேயில்லை. நான் என் பக்கத்துப் பிரதியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

நெட்டைக் கோடு வந்த இடத்திலெல்லாம் ஆச்சி மூச்சு எடுத்தார். அந்த மூச்சே காதில் விழுந்தது. ஒளிக்காமல், ஒரு விம்மல் போல. பாட்டின் பகுதிதான் அது. வளைவு வந்தால் அந்த நெடில் நீளும், நீண்டு அலையாக இறங்கும். அடியில் கொக்கி இருந்தால் குரல் சட்டென்று கீழே போய்விடும், ஏறக்குறைய பேச்சாகிவிடும். வரி முடிவில் அதே நெட்டைக் கோடு வரும்போது மட்டும் ஆச்சி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதில நான் விட்டிருவன். மற்ற ஆக்கள் எடுக்கவேணும்."

திண்ணைக்குக் கீழே இருந்த மருமகளும் பேத்தியும் எடுத்துப் பாடினார்கள்.

"ஆச்சி, இந்தக் குறியள் ஆர் போட்டது?"

"எழுத்து கூடுதலா என்ர அம்மாட. கோடு நான் போட்டனான் பிள்ளை. தொண்ணூறில வள்ளம் ஏறி மண்டபம் காம்புக்குப் போனம். அங்க போனாப் பிறகு அம்மாவும் செத்துப்போனா. பெரியாக்கள் ஒவ்வொருத்தரா விட்டிட்டுப் போகேக்க, பிள்ளையளுக்கு இது பிடிபடேல்ல. சொல்லு சொல்லுவாளவை, எங்க மூச்செடுக்கிறதெண்டு தெரியாது. மூச்சு பிழைச்சா அது பசான் இல்லை, பள்ளிக்கூடப் பாட்டு."

இதைக் கேட்ட பிறகு நெடுநேரம் எனக்கு வேறு கேள்வி வரவில்லை. கொப்பியைத் திரும்பப் புரட்டினேன். மண்டபத்துப் பாட்டுகளில் குறி அடர்த்தி. பழைய பக்கங்களில், ஊரில் எல்லோருமாய் இருந்த காலத்தில் எழுதியவற்றில், 'இராகம்' என்ற சொல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அப்போது தேவைப்படவில்லை.

ஆச்சி வியாகுலப் பிரசங்கத்திலும் கொஞ்சம் வாசித்துக் காட்டினார். 1705இல் கோவாவிலிருந்து இலங்கை வந்த ஜாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமியின் நூல் அது. 1742இல் இறந்தவர். செய்யுள் அல்ல, வசனம்தான். அதையும் தபசுகாலத்தில் ஒப்பாரித் தொனியில் இழுத்துத்தான் வாசிப்பார்கள்.

மார்ச் 9, ஞாயிறு

சில்லூக்கும் மெதெக்கும் இங்கே வந்து நிற்கின்றன. வரி நடுவில் உள்ள கோடு மூச்சு. வரி முடிவில் உள்ள கோடு மற்றவர்களுக்கு இடம் விடுவது. ஆச்சிக்கு இரண்டும் ஒரே கோடு. இடத்தை வைத்துப் பாடுகிறவருக்கு விளங்கும். அப்படியே ஒரே குறியாக விடலாமா?

பாடத் தெரிந்தவருக்கு ஒன்று போதும். ஆனால் திரையில் வரி உடையும். கைப்பேசியில் வாசிக்கும்போது வரி முடிவு எங்கேயோ போய்விடும், அதன்பின் மூச்சா விடுகையா என்று யார் சொல்வது? கொப்பியில் இடம் சொன்னதை, இடம் நிலையில்லாத ஊடகத்தில் குறியே சொல்லியாகவேண்டும். மூச்சுக்கு ஒற்றைக் கோடு, விடுகைக்கு இரட்டைக் கோடு என்று முடிவெடுத்தேன். அச்சுப் புத்தகத்தில் இரண்டும் ஆச்சி போட்டபடி ஒற்றையாகவே நிற்கும்.

மார்ச் 16, ஞாயிறு

வளைவைத் தமிழ் எழுத்தின் தலையில் ஏற்றப் பார்த்தேன். ஐரோப்பிய ஒலிக்குறிகளில் இதே வடிவம் இருக்கிறது. 'கா'வின் மேல் போட்டால் ஓர் எழுத்துருவில் காலின் மேல் போய் உட்காருகிறது, இன்னொன்றில் பக்கத்தில் ஒரு புள்ளி வட்டம் முளைத்து அதன் தலையில் ஏறிக்கொள்கிறது. இந்த எழுத்தோடு இந்தக் குறி சேரும் என்று தனக்கு யாரும் சொல்லவில்லை என்பதைத்தான் கணினி அந்த வட்டத்தால் காட்டுகிறது. 'கொ'வில் நிலைமை இன்னும் மோசம்.

வேத ஸ்வரக் குறிகள் 0951, 0952 இரண்டும் தேவநாகரிப் பகுதியில் இருந்தாலும் தமிழோடும் சேர அனுமதி உண்டு, தமிழ் எழுத்தில் வேதம் அச்சிடுபவர்களுக்காக. மேலே ஒரு நெட்டைக் கோடு, கீழே ஒரு கிடைக்கோடு. அழகாகவே உட்காருகின்றன. எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. வேண்டாம் என்று வைத்துவிட்டேன். அந்தக் குறிகளுக்கு ஏற்கெனவே ஒரு வேலை இருக்கிறது. நாளை ஒருவர் கோப்பைத் திறந்தால் ஆச்சியின் இழுவையை ஸ்வரிதம் என்றுதான் வாசிப்பார். வடிவம் பொருந்துகிறது என்பதற்காகப் பிறர் குறியைக் கடன் வாங்கக்கூடாது.

எழுத்துருவில் எனக்கென்று ஒரு குறி வரைந்து வைக்கவும் என்னால் முடியும். அது பாமினியின் வழி. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் குறி செத்துப்போகும்.

ஆகவே கோப்பில், எந்த விசைப்பலகையிலும் உள்ள எளிய குறிகள்: கோடு, இரட்டைக்கோடு, இழுவைக்கு அலைக்குறி. அலைக்குறியைச் சொல்லின் நடுவில் போட்டால் அந்தச் சொல்லைத் தேடும்போது கிடைக்காது. சொல்லின் முடிவில் போடுகிறேன். பெரும்பாலும் கடைசி நெடில்தான் நீள்கிறது. நடு நெடில் நீளும் சில சொற்களில் மட்டும் நடுவிலும் ஒருமுறை. பஷ்தாவுக்கும் அப்படித்தான் செய்கிறார்கள்: அதன் இடம் சொல்லின் இறுதி, அழுத்தம் வேறு அசையில் என்றால் அங்கேயும் ஒன்று. கொக்கிக்குக் கீழ்நோக்கிய அம்பு.

'இராகம்' வரி ஒவ்வொரு பாட்டுக்கும் உடம்போடு சேர்ந்தே இருக்கும். தலைப்பு அலங்காரமாக அதைப் பிரித்து வைக்கமாட்டேன்.

மார்ச் 30, ஞாயிறு

தொழுகைக்கூடத்தில் வாசிக்கும் தோரா சுருளில் குறியே கிடையாது. உயிர்ப்புள்ளியும் இல்லை, தெயாமீமும் இல்லை. வாசிப்பவர் குறியுள்ள புத்தகத்தில் வீட்டிலிருந்து படித்துப் பழகி வந்து, வெறும் மெய்யெழுத்தைப் பார்த்துப் பாடவேண்டும். ஆச்சி கொப்பியைப் பார்க்காமல் பாடியது நினைவுக்கு வந்தது. குறி பழகுவதற்கு, பாடுவதற்கு அல்ல.

கொச்சி யூதப் பெண்களைப் பற்றியும் வாசித்தேன். மலையாளத்தில் பாட்டுகள் வைத்திருந்தார்கள், கையெழுத்துக் கொப்பிகளில். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போனபோது கொப்பிகளும் கூடப் போயின. ஸ்கறியா சக்கறியா, பார்பரா ஜான்சன் போன்றவர்கள் அவற்றைத் தேடிச் சேகரித்தார்கள். 'கார்குழலி' என்ற தொகுப்பு 2005இல் எருசலேமில் வந்தது. பாட்டு மட்டும் போதாது என்று வயதான பெண்களிடம் போய் ஒலிப்பதிவும் செய்தார்கள். நம் கரைக்கு அக்கரையில், நம் ஆச்சிமார் வைத்திருந்தது போன்ற கொப்பி.

ஒலிப்பதிவு இல்லாமல் நம் புத்தகமும் அரைவாசிதான். ஆச்சியின் பேத்தி கைப்பேசியில் பதிந்து அனுப்புகிறாள். கோப்பின் பெயரும் பாட்டின் எண்ணும் ஒன்றாக இருக்கும்படி வைக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் நூலகம் எண்ணிம நூலகத்துக்குக் கொடுப்பது பற்றிப் பாதரிடம் கேட்கவேண்டும்.

ஏப்ரல் 6, ஞாயிறு

வங்காலையிலிருந்து ஒரு அக்கா கடைக்கு வந்திருந்தா. படியைப் பார்த்துவிட்டு உடனே பாடத் தொடங்கினா. பாட்டு அதே பாட்டு, சொல்லும் அதே சொல். மூச்சு வேறு இடத்தில் விழுகிறது. ஆச்சி மூன்று சொல்லுக்குப் பிறகு எடுக்கும் மூச்சை இவ முதற்சொல்லிலேயே எடுத்துவிடுகிறா, பிறகு முழு அடியையும் ஒரே ஓட்டமாக.

"எது சரி எண்டு போடப் போறியள்?" என்று கேட்டா.

பென் ஆஷேருக்குச் சமகாலத்தில் பென் நப்தாலி என்ற இன்னொரு ஆசான் இருந்தார். இருவரும் புள்ளியிலும் குறியிலும் வேறுபட்ட இடங்களை மிஷாயேல் பென் உஸ்ஸியேல் என்பவர் பட்டியலிட்டு அரபியில் ஒரு நூலே எழுதினார். ஒருவரைத் தள்ளி ஒருவரைக் காப்பாற்றாமல், வேறுபாட்டையே பாடமாக்கிய நூல். அக்காவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "பேசாலைக் கோடு மேல, வங்காலைக் கோடு அடிக்குறிப்பில" என்றேன். சம்மதித்தா. அடுத்த வருசம் தங்கள் கொப்பியையும் கொண்டுவந்து தருவதாகச் சொன்னா.

ஏப்ரல் 14, திங்கள்

வருசப் பிறப்பும் பெரிய கிழமைத் திங்களும் ஒரே நாளில். அச்சுக்குப் போகும் படியை ஆச்சியிடம் கொண்டுபோனேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு விரல் வைத்து வாசித்தார். வாய்க்குள் பாடிக்கொண்டே போனார், கோடு வந்த இடத்தில் மூச்செடுத்து. குறிகளுக்காக நான் எழுதிய முன்குறிப்பை அவர் வாசிக்கவில்லை, அது அவருக்குத் தேவையும் இல்லை.

ஒரு பாட்டில் நின்றார்.

"இந்தக் கோடு வேண்டாம்."

"கொப்பியில இருக்கு ஆச்சி. நீங்கள் போட்டது."

"போட்டனான்தான். அப்ப எனக்கு நெஞ்சுவருத்தம், அவ்வளவு தூரம் இழுக்க ஏலாது, இடையில எடுத்தனான். அம்மா எடுக்கமாட்டா. பேத்தியும் எடுக்கத் தேவையில்லை, அவளுக்கு மூச்சிருக்கு."

பேத்தியை அழைத்துப் பாடச் சொன்னார். அவள் அந்த அடியை ஒரே மூச்சில் பாடினாள். முடிவில் குரல் மெலிந்து கொஞ்சம் நடுங்கியது. ஆச்சி அதுதான் வேண்டுமென்று தொடையில் தட்டினார்.

அச்சுப் படியில் அந்தக் கோட்டை எடுத்துவிட்டேன். கொப்பியில் அது இருந்ததையும், ஏன் இருந்தது, யார் எடுக்கச் சொன்னார் என்பதையும் அடிக்குறிப்பில் சேர்த்து, பின்னேரமே அச்சகத்துக்கு அனுப்பினேன்.